முதல் வண்டி

“கீச்சு கீச்சுனு கத்துதுங்க, நான் அப்பவே—”

“கத்தல.”

“—அந்தப் பாலத்துக்கிட்டயே சொன்னேன், நீங்க பாட்டுக்கு—”

“கத்தலங்கறேன். உன் வளையலா இருக்கும்.”

“இன்னிக்கு நான் வளையலே போடல.”

“அப்ப கதவுக் கொக்கி.”

“கதவுக் கொக்கி எதுக்குங்க எஞ்சின் ஓடும்போது மட்டும் கத்துது? அதுக்கு உங்க மேல ஏதாவது தனிப் பிரியமா?”

“எலி புகுந்திருக்கும்.”

“எலியா! நீங்க மிதிக்க மிதிக்க வேகமாக் கத்துற எலியா!”

வண்டி ஷெட்டுக்குள் நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பானெட் மூடியை அப்படியே தூக்கிச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார். எஞ்சினுக்கு இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் அவள். சண்டைக்கு வாகான ஏற்பாடு. இருவரும் வண்டியில் ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் போய்த் திரும்பியிருந்தார்கள். அவள் கைப்பையைக்கூட இன்னும் கீழே வைக்கவில்லை.

தெருவில் அவருக்குப் பெயர் பிரஸ்காரர். அச்சகத்தை மூடி மெஷின்களை விற்ற கையோடு இந்த வண்டியை வாங்கினார். அவரைவிடச் சில வருடம் மூத்த வண்டி. கறுப்பு உடம்பு, இரண்டு துண்டாய்ப் பிரிந்த முன்கண்ணாடி, ஏறுவதற்குப் பக்கவாட்டில் நீளப் படி. வலமோ இடமோ திரும்ப வேண்டுமென்றால் கதவோரத் தூணிலிருந்து ஒரு சின்ன சிக்னல் கை வெளியே நீளும். பாதி நேரம் நீளாது, அவள் உள்ளேயிருந்து ஒரு குத்து விட்டால் நீளும். வாங்கிய நாளிலிருந்து வெளி மெக்கானிக் யாரும் அதைத் தொட்டதில்லை.

பழைய வண்டிக்காரர்களின் சங்கத்தில் அவருக்கு வேறு பெயர். அங்கே அவர் ‘காது’. யாருடைய வண்டி இருமினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கண்ணை மூடி, ஒரு நிமிஷம் நிற்பார். “ரெண்டாவது வால்வு,” என்பார். இல்லை, “டைனமோ”. திறந்து பார்த்தால் அதுவாகவே இருக்கும். கொஞ்ச காலமாகப் பழக்கத்தை மாற்றிக்கொண்டார். கண்ணை மூடுவதில்லை. “நீங்களே சொல்லுங்க, என்ன கேக்குது?” என்று வண்டிக்காரரின் முகத்தைப் பார்ப்பார். அவர் சொல்லச் சொல்லத் தலையாட்டிவிட்டு, “சரியாப் புடிச்சிட்டீங்க,” என்பார். பாடம் நடத்துகிறார் என்று எல்லோரும் மெச்சிக்கொண்டார்கள். முதலில்.

“வாடா, வா. நல்ல நேரத்துக்கு வந்த,” என்றாள் அவள், ஷெட் வாசலைப் பார்த்து.

வந்தது அவள் தம்பி. பல் டாக்டர். சங்கத்தில் அவனும் உண்டு. ரெண்டே பேர் உட்காரக்கூடிய சிவப்பு வண்டி ஒன்று வைத்திருந்தான். மழை வந்தால் அதில் அந்த ரெண்டு பேரும் குடை பிடிக்க வேண்டும்.

“என்னக்கா, வாசல்ல காலை வைக்கும்போதே?”

“இங்க வந்து காதைக் குடு. எஞ்சின்ல ஏதாவது சத்தம் வருதா? உங்க அத்தான் வரலங்கறார்.”

தம்பி குனிந்தான். குனியத் தேவையே இல்லை. தெருவில் வரும்போதே கேட்டிருந்தது. நிமிர்ந்து அத்தானைப் பார்த்தான். அத்தான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீயே சொல்லு மாப்ளே. என்ன கேக்குது?”

“அத்தான் இருக்கும்போது நான் என்ன சொல்றது. லேசா... காத்து மாதிரி...”

“பாத்தியா? காத்து.”

“காத்தா? நாள் பூரா டிரில் சத்தத்துல நிக்கிறவன் நீ. உனக்கு இது காத்தா?”

“எனக்குப் பல்லு மட்டுந்தான்க்கா தெரியும்.”

“தெரியுதே. இருக்கறதைப் புடுங்கி எறிஞ்சிட்டு, இல்லவே இல்லைன்னு சொல்றதுல கெட்டிக்காரன்தான்.”

பிரஸ்காரர் கையை நீட்டி எஞ்சினை அணைத்தார். “சாயங்காலம் பாத்துக்கலாம்,” என்று சொல்லி முகத்தைக் கருவிப் பெட்டிப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அவர் முகத்தைத் திருப்பினால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். அது அச்சகத்து வழக்கம். மெஷின் ஓடும்போது அங்கே தொண்டை கிழியக் கத்தினாலும் பயனில்லை. அவர் மெஷினருகே நிற்பார். அறையின் மறுகோடியில் அவள் மேஜை போட்டு எழுத்துப்பிழை பார்ப்பாள். உதட்டை மட்டும் அசைத்தால் போதும், இருவருக்கும் புரியும். காகிதம் வந்ததா, பையனுக்குக் காய்ச்சல் விட்டதா, உங்க தங்கச்சி நேத்து சொன்னது சரியா, எல்லாம் அப்படித்தான். நடுவில் வாடிக்கையாளரை உட்கார வைத்துக்கொண்டே அவர் தலைக்கு மேல் பெரிய பெரிய சண்டையெல்லாம் போட்டிருக்கிறார்கள். பாவம், அந்த மனிதர் தனக்குத்தான் மரியாதை செய்கிறார்கள் என்று இருவரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார். தோற்கப்போகிறவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். அதோடு சரி.

ஆகவே அவருக்குக் காது போனது வீட்டில் யாருக்கும் சட்டென்று பிடிபடவில்லை. எதிரில் நின்று பேசினால் எல்லாவற்றுக்கும் பதில் வரும். சமையலறையிலிருந்து கூப்பிட்டால் வராது. அது எந்தப் புருஷனிடமும் வராததுதான் என்று அவள் இருந்துவிட்டாள். வாசல் மணி அடித்து, அடித்து, வந்தவர் திரும்பிப் போனபோது அவர் மணிக்கு நேர் கீழே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. தானாகச் சொல்வார் என்று காத்திருந்தாள். சொல்லவில்லை. வண்டியைப் பற்றியென்றால் எத்தனை சண்டைக்கும் வருவார் என்பதால் வண்டியில் ஆரம்பித்தாள்.

வாசல் குழாயில் தம்பி கை கழுவிக்கொண்டிருந்தான். கையில் அழுக்கே இல்லை.

“கேட்டுச்சா இல்லையா?”

“கேட்டுச்சு.”

“பம்ப்தானே?”

“தண்ணி பம்ப்தான். காஞ்சு போய்க் கத்துது. இப்படியே ஓட்டினா ஒரு நாள் ஃபேன் பிச்சுக்கிட்டுப் போய் ரேடியேட்டரைக் கிழிச்சிடும்.”

“அதை அங்கேயே சொல்றதுக்கு உனக்கு என்ன கேடு?”

“எப்படிக்கா சொல்றது? ஜட்ஜே சொல்லல.”

ஜட்ஜ் என்பவர் சங்கத்தின் தலைவர். கோர்ட் வாசலைக்கூட மிதித்ததில்லை, ஜவுளிக்கடை வைத்திருந்தவர். எதைச் சொன்னாலும் தீர்ப்பு வாசிக்கிற தோரணையில் சொல்வார், அதனால் அந்தப் பெயர்.

“ஜட்ஜ் என்னத்தைச் சொல்லல?”

“போன கூட்டத்துல அவர் வண்டி டிக் டிக்னு அடிச்சுது. எல்லாருக்கும் கேட்டுச்சு. அத்தான் வந்து நின்னு பாத்துட்டு, ‘பிரமாதமா ஓடுது, தைரியமா எடுத்துட்டுப் போங்க’ன்னுட்டார். போற வழியிலேயே படுத்துக்கிச்சு. கயிறு கட்டி இழுத்துட்டு வந்தோம். ஜட்ஜ் எங்ககிட்ட, பேட்டரி வீக்குன்னு சொல்லிடுங்க, அவர் காதுக்கு இது போகக் கூடாதுன்னார்.”

“எந்தக் காதுக்கு?”

தம்பிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டான்.

“அப்ப எல்லாருக்கும் தெரியும்.”

“அநேகமா எல்லாருக்கும்.”

“தெரிஞ்சும் இத்தனை பேரும் வாயை மூடிட்டு இருந்திருக்கீங்க.”

“நீ மட்டும் என்னக்கா பண்ணின?”

அவள் குழாயை மூடினாள். அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

“அடுத்த ஞாயித்துக்கிழமை மலைப்பாதை,” என்றான் தம்பி. “எதுக்கால வர்றது அவருக்குக் கண்ணுல தெரியும். பின்னாடி வர்ற லாரி? ஹாரன் அடிச்சுக்கிட்டே முந்துவான். நாம ஒதுங்குவோம்னு நெனச்சுத்தான் முந்துவான். அந்த வண்டிக் கண்ணாடியோ ஆடுற ஆட்டத்துல பின்னாடி லாரி வருதா மலை வருதான்னே தெரியாது.”

“நான் பக்கத்துலதானே உக்காந்திருக்கேன்.”

“உக்காந்து? ரோட்டைப் பாக்கறவர் உன் வாயை எங்கே பாப்பார்?”

காரில் மட்டும்தான் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே திசையைப் பார்க்கிறார்கள். கொஞ்ச நாளாகக் காரில் மட்டும்தான் அவள் பேசப் பேச அவர் பேசாமல் வருகிறார்.

சாயங்காலம் பிரஸ்காரர் பம்பைத் திறந்தார். அவள் கேட்டதற்காக இல்லை, சும்மா ஒரு பார்வை என்று சொல்லிக்கொண்டு போனார். அவள் துவைத்த துணியை மடிக்கிற சாக்கில் ஷெட்டை ஒட்டிய ஜன்னலருகே உட்கார்ந்தாள்.

பம்பின் தலையில் குமிழ்போல ஒரு பித்தளை மூடி உண்டு, கப் என்பார்கள். அதற்குள் க்ரீஸ் இருக்கும். மூடியை ஒரு திருகு திருகினால் க்ரீஸ் உள்ளே இறங்கும். எப்போது திருகுவது என்பதற்குச் சங்கத்தில் ஒரு விதி இருந்தது. விதியை வகுத்தவரே அவர்தான். ஓட்டத்துக்கு ஒரு தரம் திருகாதே, க்ரீஸ் தண்ணீரில் கலந்து ரேடியேட்டரை அடைக்கும். பம்ப் லேசாக முனகும். முனகினால் ஒரு திருகு. “அது கேட்டாத்தான் கொடுக்கணும், கேக்காம கொடுத்தா கெட்டுடும்,” என்பார். புதிதாய்ச் சேருகிற ஒவ்வொருவருக்கும் இதைச் சொல்லியிருக்கிறார். சொல்லும்போது குழந்தை வளர்ப்பைப் பற்றிப் பேசுகிற மாதிரி இருக்கும்.

ஃபேன் பெல்ட்டைக் கழற்றினார். ஃபேனைக் கையால் சுற்றினார். கையில் மணல் அரைவதுபோல் தட்டுப்பட்டிருக்க வேண்டும். நிறுத்தி, மறுபடி மெதுவாகச் சுற்றினார். அச்சாணியைப் பிடித்து ஆட்டினார். ஆடியது. பிறகு பித்தளை மூடியைத் திருகித் திருகி முழுதாகக் கழற்றி உள்ளே பார்த்தார்.

மூடி நிறைய க்ரீஸ். போன மழைக்கு முன்னால் அடைத்தது, அடைத்தபடி இருந்தது. மேலே கட்டிதட்டிப் பாலாடைபோல் தோல் விட்டிருந்தது.

அவர் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். விரலால் தொட்டார். விரலைத் துணியில் துடைத்தார். பிறகு ஒரு சின்னக் கத்தியால் பழைய க்ரீஸைச் சுரண்டி எடுத்து, காகிதத்தில் மடித்து, குப்பைக்கூடையில் போடாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஏன் என்று அவளுக்குத் தெரியவில்லை. மறுநாள் சட்டையைத் துவைக்கும்போது கறை மட்டும் இருந்தது.

உள்ளே வந்தபோது முகம் வழக்கம்போல இருந்தது.

“பம்ப்ல அச்சாணியைத் தாங்குற புஷ் தேஞ்சிருக்கு. வழக்கமான தேய்மானந்தான். லேத்துக்காரர்கிட்ட குடுத்து வேற போட்டுடலாம்.”

“அப்ப எலி இல்ல.”

“எலி இல்ல.”

“கப்புல க்ரீஸ் இருந்துச்சா?”

“ம்?”

“க்ரீஸ். கப்புல. இருந்துச்சா, தீந்துபோயிருந்துச்சா?”

“தீந்து போயிருந்துச்சு,” என்றார் பிரஸ்காரர். சொல்லிவிட்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அவள் மேஜையைச் சுற்றிக்கொண்டு ஜன்னலுக்கும் அவருக்கும் நடுவில் போய் நின்றாள். அவர் முகம் அலமாரிக்குப் போனது. அலமாரிப் பக்கம் போனாள். முகம் கூரைக்குப் போனது. கூரையில் போய் நிற்க முடியாது.

“சரி, டீ குடிங்க,” என்றாள்.

அந்த வாரம் முழுக்க இரண்டு பேரும் நல்லபடியாகவே இருந்தார்கள். புது புஷ் வந்தது. அவர் கை வேலையில் குறையே இல்லை. பெல்ட்டை மாட்டி, க்ரீஸ் அடைத்து, எஞ்சினைப் போட்டு, மரப்பிடி வைத்த நீளத் திருப்புளியின் நுனியைப் பம்பில் வைத்து, பிடியைப் பல்லால் கடித்துக்கொண்டு நின்றார். அதிர்வு பல் வழியாக ஏறும். “வெண்ணெய் மாதிரி ஓடுது,” என்றார் திருப்புளியை எடுத்துவிட்டு. உண்மையாகவே வெண்ணெய் மாதிரிதான் ஓடியது. பல்லால் கேட்டது தவறவில்லை.

அவள் தம்பிக்கு ஃபோன் பண்ணினாள். முன்னறையில் இருந்தே பண்ணினாள். பிரஸ்காரர் அதே அறையில் அவளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, சிவப்பு விளக்குக் கண்ணாடி ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தார். குரலைத் தணிக்க வேண்டிய அவசியம் இல்லை என்பது பேச ஆரம்பித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. உறைத்த பிறகும் தணிக்கவில்லை.

“போகாதீங்கன்னு சொன்னா நிக்க மாட்டார்டா. இன்னும் பிடிவாதமாப் போவார்.”

“அப்ப என்னக்கா பண்றது?”

“ஜட்ஜ்கிட்ட சொல்லி அவரை முன்னாடி விடச் சொல்லு. முதல் வண்டி. நீங்க எல்லாரும் பின்னாடி வரிசையா வாங்க. லாரிக்காரன் வந்தா உங்களைத் தாண்டித்தானே வரணும்? நீங்க பாத்து வழிவிடுங்க, இல்ல மறிங்க, என்னமோ பண்ணுங்க.”

“முதல் வண்டி எப்பவும் ஜட்ஜோடதாச்சே.”

“சங்கத்துல மூத்தவர்னு மரியாதை பண்றதாச் சொல்லச் சொல்லு. தீர்ப்பு மாதிரி நல்லா நீட்டி வாசிக்கச் சொல்லு. உங்க அத்தான் உருகிடுவார்.”

“நீ அவர்கிட்ட நேராவே பேசிடலாம்க்கா.”

“பேசலாம். இந்த மலை முடியட்டும், பேசறேன்.”

பிரஸ்காரர் விளக்குக் கண்ணாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஒரு விரல் தடம் மிச்சமிருந்தது. மறுபடி துடைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, மலையடிவாரத்தில் ஒரு பெட்ரோல் பங்க்கை அடுத்த காலி மைதானத்தில் வண்டிகள் கூடின. ஒவ்வொன்றும் ஒவ்வொரு தினுசில் புகை விட்டது. பெண்கள் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, புருஷர்கள் ஒருவர் வண்டியை ஒருவர் புகழ்வதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஜட்ஜ் தன் வண்டியின் படியில் ஏறி நின்று தொண்டையைச் செருமினார்.

“இத்தனை வருஷமா இந்தச் சங்கத்துக்கே காதா இருந்தவர் நம்ம பிரஸ்காரர். இன்னிக்கு அவர் வண்டி முன்னாடி போகட்டும், நாம எல்லாரும் பின்னாடி போவோம்னு செயற்குழு முடிவு பண்ணியிருக்கு.”

செயற்குழு என்பதும் ஜட்ஜ்தான். எல்லோரும் கை தட்டினார்கள். வேண்டியதற்குக் கொஞ்சம் அதிகமாகவே தட்டினார்கள். பிரஸ்காரர் கைகளைப் பார்த்தார், முகங்களைப் பார்த்தார்.

“எதுக்கு இதெல்லாம்?” என்றார். அவருக்குக் காதுவரை சிவந்திருந்தது.

வண்டியை ஓட்டிப்போய் வரிசையின் தலையில், சாலையைப் பார்த்து நிறுத்தினார். மைதானத்தின் வாசல் வளைவாக இருந்ததால் வரிசையும் லாடம்போல வளைந்து நின்றது. பின்னால் நிற்கும் வண்டிகளில் பாதி, இவர்களுக்கு முன்கண்ணாடி வழியாகவே பக்கவாட்டில் தெரிந்தன. அவள் ஏறி உட்கார்ந்து கதவை இழுத்துச் சாத்தினாள்.

“சந்தோஷமா?” என்றாள், அவர் முகத்துக்கு நேராகக் குனிந்து.

“ஜட்ஜுக்குப் பெரிய மனசு. நான் அவரை அப்படி நெனச்சதில்ல.” மேல்சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். “பம்ப் எப்படி ஓடுது?”

“வெண்ணெய் மாதிரி.”

“ஆமா,” என்றார்.

ஜட்ஜ் இன்னும் யாருக்காகவோ காத்திருந்தார். வரிசையின் நடுவில் புதிதாய்ச் சேர்ந்த மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் இறங்கிப் போய்ப் பல் டாக்டரிடம் ஏதோ முறையிட்டுக்கொண்டிருந்தார். அவர் வண்டி வேகமாக ஓடுகிற வண்டி. கையை நீட்டி முதல் வண்டியைக் காட்டினார். முதுகு இந்தப் பக்கம் இருந்ததால் அவர் என்ன சொன்னார் என்று தெரியவில்லை. தெரிய வேண்டியதில்லை. இப்படி ஊர்ந்து போகிறவரை முன்னால் விட்டால் எஞ்சின் சூடேறாதா என்றுதான் கேட்டிருப்பார்.

தம்பியின் முகம் நேராகத் தெரிந்தது. அவன் சுற்றுமுற்றும் ஒரு பார்வை பார்த்தான். முதல் வண்டி தூரத்தில் நின்றது, அதன் கண்ணாடிகள் ஏற்றியிருந்தன, எஞ்சின்கள் இரைந்துகொண்டிருந்தன. தைரியமாகப் பேசினான். பல் டாக்டர் ஆதலால் வாயை நன்றாகத் திறந்து பேசுகிறவன்.

“அவருக்குக் காது சுத்தமாக் கேக்காது சார். பின்னாடி லாரி வந்தா தெரியாது. அதான் முன்னாடி விட்டு நாம மறைச்சுக்கிட்டுப் போறோம்.”

கடைக்காரர் ஏதோ கேட்டார்.

“ஜட்ஜ் இல்ல. அக்காதான் இப்படிப் பண்ணச் சொன்னா. அவருக்கு மட்டும் தெரியக் கூடாது.”

அவள் ஒவ்வொரு சொல்லையும் படித்தாள். படித்து முடித்ததும் கை தானாகக் கைப்பையைத் திறந்து மூடியது. பக்கத்தில் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரிந்தது: ஸ்டீயரிங் மேல் அவர் விரல்கள் அசையாமல் இருந்தன. அவரும் அந்தத் திசையில்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜட்ஜ் படியில் ஏறி, பச்சைத் துணியைத் தூக்கி ஆட்டினார். பின்னால் ஒவ்வொரு வண்டியாக உறுமியது. யாரோ உற்சாகத்தில் ஹாரன் அடித்தார், அதைக் கேட்டு இன்னொருவர் அடித்தார்.

பிரஸ்காரர் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தார். ஹாண்ட் பிரேக்கை இழுத்தார். பச்சைத் துணி இரண்டாவது தடவை ஆடியது. அவர் உட்கார்ந்த இடத்திலேயே முழுதாகத் திரும்பி, அவள் உதடுகளைப் பார்த்தார்.

“உனக்கு எப்பவிருந்து தெரியும்?”